'பஸ்' நடுவில் 'ஏ'வா, 'யூ'வா? ஆங்கில எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குவது எப்படி?

உங்கள் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டோ இரண்டாம் ஆண்டோ படிக்கிறதா? ஆங்கிலச் சொல்வதெழுதுதல் நோட்டில் 'பஸ்' என்ற சொல்லுக்கு பி, ஏ, எஸ் என்று எழுதி, அதன்மேல் சிவப்புக் கோட்டோடு வீட்டுக்கு வந்திருக்கிறதா? "இந்தச் சின்னச் சொல்லுகூடவா தெரியல?" என்று கேட்பதற்கு முன், அம்பாங்கில் நீங்கள் தினமும் கடந்து போகும் பேருந்து நிறுத்தப் பலகையை ஒரு முறை பாருங்கள். அங்கே இருப்பதும் அதே பி, ஏ, எஸ் தான். பிள்ளை படிக்காமல் எழுதவில்லை. தெருவில் படித்ததை எழுதியிருக்கிறது. மொழிதான் மாறிவிட்டது.

மலேசியாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இருக்கும் தனிச் சிக்கல் இது. இங்கிலாந்துப் பிள்ளைக்கோ, சென்னைப் பிள்ளைக்கோ இது வராது. ஒரே 26 உரோமன் எழுத்துகளை நம் பிள்ளைகள் ஒரே ஆண்டில் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள், காலையில் மலாய்க்கு ஒரு விதம், அதற்கடுத்த பாடவேளையில் ஆங்கிலத்துக்கு இன்னொரு விதம். இதற்கு நடுவே தமிழின் 247 எழுத்துகளும் உண்டு. குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மலாய் எழுத்துமுறை, ஒலியை அப்படியே எழுதும் முறை. 1972 ஆகஸ்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொதுவான உரோமன் எழுத்துக்கூட்டலை ஏற்றுக்கொண்ட பிறகு அது இன்னும் சீரானது. 'இ' எழுத்துக்கு மட்டும் இரண்டு ஒலி. மற்ற உயிர்கள் பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். 'யூ' எழுத்தைப் பார்த்தால் 'உ' என்று படித்துவிடலாம். அந்தக் கணக்குப்படி ஆங்கில 'பஸ்'ஸை அப்படியே விட்டிருந்தால் 'புஸ்' என்றுதான் படிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் மலாயில் நடுவே 'ஏ' வந்தது. பிள்ளை இந்த விதியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்துக்கும் பொருத்திப் பார்க்கிறது. அந்த மூளையைத் திட்டிக் குட்ட வேண்டாமே!

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? டியூஷனும் வேண்டாம், விலை கொடுத்து வாங்கும் அட்டைகளும் வேண்டாம். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆங்கிலம் சரளமாகத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

பலகை வேட்டை

முதல் விளையாட்டு வெளியில்தான். ஒரு சின்ன நோட்டு எடுங்கள். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் மலாய், வலப்பக்கம் ஆங்கிலம். பாண்டான் இண்டா கடைவரிசையில் நடக்கும்போது, பலகையில் மலாய்ச் சொல்லைக் கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை. வீட்டுக்கு வந்து அதன் ஆங்கில இரட்டையைத் தேடி எழுதுவது இருவரின் வேலை.

கிளினிக் பலகையில் முதலிலும் கடைசியிலும் 'கே'. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் 'சி'. மருந்தகத்துக்கு மலாயில் 'எஃப்' போட்டுத் தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தில் அதே ஒலிக்கு 'பி'யும் 'எச்'சும் சேர்ந்து வருகின்றன. தொலைபேசியிலும் அதே கதை. பேக்கரியில் கேக் மலாயில் மூன்றே எழுத்து: கே, இ, கே. ஆங்கிலத்தில் நான்கு, அதுவும் 'சி'யில் தொடங்கும். டாக்ஸியின் கதவில் மலாயில் டீ, இ, கே, எஸ், ஐ. ஆங்கிலத்தில் 'கே'யும் 'எஸ்'ஸும் போய் ஒற்றை 'எக்ஸ்' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் ஜோடி ஒன்று உண்டு. பள்ளிப் பைக்கு மலாயில் பி, இ, ஜி. அதையே ஆங்கிலத்தில் படித்தால் 'பிச்சை கேள்' என்று பொருள்! பைக்கு ஆங்கிலத்தில் நடுவே 'ஏ' வேண்டும். ஒரு முறை இந்த வேடிக்கையைச் சொல்லிவிட்டால் அந்த 'ஏ' பிறகு மறக்காது.

அம்பாங் எல்.ஆர்.டி. தடமே ஒரு நல்ல பாடம். 1996 டிசம்பரில் ஓடத் தொடங்கிய தடம் அது. அம்பாங்கில் ஏறினால் அடுத்த நிலையம் சஹாயா, அதற்கடுத்தது செம்பாக்கா. செம்பாக்கா என்றால் நம் செண்பகப்பூதான். இரண்டுமே 'சி' எழுத்தில் தொடங்குகின்றன, 'எச்' கிடையாது. இன்னும் சில நிலையம் தாண்டினால் சான் சௌ லின். அங்கே 'சி'யும் 'எச்'சும் சேர்ந்து நிற்கின்றன. மலாயில் 'சி' மட்டும் போதும், 'ச்' ஒலி வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு 'எச்' துணை வேண்டும். பழைய மலாய் எழுத்திலும் அந்த 'எச்' இருந்தது, 1972-இல்தான் எடுத்தார்கள். உங்கள் பிள்ளை பூனைக்கு 'சி'க்குப் பதிலாக 'கே' போட்டு எழுதினால் காரணம் இதுதான். மலாய்ப் பழக்கத்தில் 'சி, ஏ, டீ' என்பதை 'சாட்' என்றுதானே படிக்கத் தோன்றும்! ரயிலில் போகும்போது, "அடுத்த ஸ்டேஷன்ல எச் இருக்கா, இல்லையா?" என்று பந்தயம் கட்டுங்கள். பத்து நிமிடப் பயணம் போவதே தெரியாது.

எழுத்துக்கு முன் காது

பெற்றோர் பலரும் நேராக எழுத்தில் இறங்கிவிடுகிறோம். "எஸ், எச், ஐ, பி... சொல்லு, திரும்பச் சொல்லு." நாம் படித்த காலத்தில் அப்படித்தான் படித்தோம். ஆனால் 2011-இல் ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்த புதிய கலைத்திட்டத்திலிருந்து முதலாம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுத்தின் பெயரை விட ஒலிக்கே முதலிடம். உங்கள் பிள்ளை 'எஸ்' என்ற எழுத்தைக் காட்டி 'ஸ்ஸ்' என்று பாம்பு மாதிரி சீறினால், அது விளையாட்டு இல்லை. ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பாடம். வீட்டில் நீங்களும் அதே மாதிரி சொல்லுங்கள். இல்லாவிட்டால் பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று பிள்ளை இரண்டு பக்கம் இழுபடும்.

ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலியோ சுமார் 44. ஆகவே எழுத்துக்கும் ஒலிக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு ஒத்துவராது. இதைப் பிள்ளைக்குப் புரியவைக்க, எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் பயன்படுத்திய எளிய உத்தி ஒன்று உண்டு. ஒரு தாளில் வரிசையாக நான்கைந்து கட்டங்கள் வரையுங்கள். கையில் சில பாட்டில் மூடிகள். நீங்கள் ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு மூடியைப் பிள்ளை கட்டத்துக்குள் தள்ள வேண்டும். 'ஷிப்' என்றால் ஷ், இ, ப். மூன்று மூடி. பிறகு எழுதிப் பாருங்கள்: நான்கு எழுத்து! "ரெண்டு எழுத்து ஒரே கட்டத்துல குடியிருக்கு" என்று சொல்லிக்கொடுங்கள். 'பாக்ஸ்' என்ற சொல்லில் கதை தலைகீழ்: நான்கு மூடி, மூன்றே எழுத்து, ஏனென்றால் 'எக்ஸ்' ஒன்றே க், ஸ் என்ற இரண்டு ஒலியையும் சுமக்கிறது. டாக்ஸிப் பலகை இப்போது பிள்ளைக்குத் தானாகவே புரியும். (வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் சின்ன மூடி, மொச்சை, காசு எதுவும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். வாயில் நுழையாத பெரிய கட்டைகள் போதும்.)

இந்த இடத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பலம் இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. க் + அ = க, க் + இ = கி என்று வாய்விட்டுப் படிக்கிறார்களே, அது என்ன? ஒலியைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சிதான். 'ஷிப்'பைப் பிரிப்பதும் அதே வேலை. ஆகவே ஆங்கிலம் தடுமாறாத பெற்றோர்தான் உதவ முடியும் என்று நினைக்க வேண்டாம். பாட்டி தமிழில் விளையாட்டுக் காட்டினாலும் காது தீட்டப்படும். "ம-வில் ஆரம்பிக்கும் சாப்பாட்டுப் பொருள் பத்து சொல்லு", "மரம் என்பதில் கடைசி 'ம்' போனால் என்ன?" என்பதெல்லாம் அடுப்படியில் நின்றுகொண்டே கேட்கக்கூடியவை.

பலவீனமும் ஒன்று உண்டு. 'பிக்' என்று தமிழில் எழுதினால் பன்றியா, பெரியதா, பொறுக்கி எடு என்பதா? ஆங்கிலத்தில் அவை மூன்று தனிச் சொற்கள். தமிழில் ஒரே 'ப', ஒரே 'க' எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. அதனால் பஸ்ஸில் வரும் 'பி'யும் பேனாவில் வரும் 'பி'யும் நம் பிள்ளைகளுக்கு எழுத்தில் மாறி மாறி விழும். இதற்கு ஒரு துண்டு டிஷ்யூ தாள் போதும். வாய்க்கு முன்னால் தொங்கவிட்டு 'பேனா' என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். காற்று வெடித்து வந்து தாள் ஆட வேண்டும். 'பஸ்' சொன்னால் தாள் அவ்வளவாக அசையாது. தாள் ஆடினால் பேனா எழுத்து, ஆடாவிட்டால் பஸ் எழுத்து. தமிழிலும் மலாயிலும் இப்படிக் காற்றுத் தள்ளும் பழக்கம் கிடையாது என்பதால் முதல் நாள் தாள் ஆடாமல் போகலாம். தேநீருக்கான 'டீ'யும் டாக்டருக்கான 'டி'யும் இதே வழிதான்.

மேசை மேல் சில விளையாட்டுகள்

ஒரு எழுத்து மாற்றும் ஏணி பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். கோழிக்கு எச், இ, என். முதல் எழுத்தை 'எம்' ஆக்கினால் ஆண்கள். நடு எழுத்தை 'ஏ' ஆக்கினால் ஓர் ஆண். மறுபடி முதல் எழுத்தை 'எஃப்' ஆக்கினால் மின்விசிறி. 'வி' ஆக்கினால் பள்ளி வான். கோழியில் ஏறி வானில் இறங்கியாச்சு! பால் டின் மூடிகளில் மார்க்கர் பேனாவால் எழுத்துகளை எழுதி வைத்துக்கொண்டால், அழித்து அழித்து எழுத வேண்டிய வேலை இல்லை. மூடியை மாற்றினால் போதும். ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்துக்கு மேல் மாற்றக்கூடாது என்பதே விதி. 'மேன்', 'மென்' இரண்டையும் பிள்ளை ஒரே மாதிரி உச்சரித்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஏணியில் வழுக்கும் படி அது.

அடுத்தது வால் 'இ'. ஒரு தனி அட்டையில் 'இ' எழுத்தை எழுதி, விருப்பம்போல் மினுக்குத்தாள் ஒட்டிக்கொள்ளட்டும். கே, ஐ, டீ என்பது 'கிட்'. வால் அட்டையைப் பின்னால் வைத்தால் 'கைட்', அதாவது பட்டம். 'பின்' வால் முளைத்தால் 'பைன்'. 'ஹாப்' வால் முளைத்தால் 'ஹோப்'. வால் தான் மட்டும் வாய் திறப்பதில்லை. முன்னால் இருக்கும் உயிரை அதன் பெயரைச் சொல்ல வைக்கிறது. இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டிய காரணம் மறுபடி மலாய்தான். மலாயில் கடைசி 'இ' வாய் திறக்கும். சாத்தே, தெம்பே என்ற சொற்களின் கடைசி எழுத்து அதுவே. காஜாங் சாத்தே கடைப் பலகையைப் படித்துப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் 'லேட்' என்ற சொல்லையும் 'லாத்தே' என்று படித்தால் கோபப்பட எதுவும் இல்லை.

எழுத்தின் வடிவம் தலைகீழாகும் பிள்ளைக்குத் தட்டில் அரிசி மாவு பரப்பிக் கொடுங்கள். விஜயதசமி அன்று அரிசியில் விரல் பிடித்து எழுதவைக்கிறோமே, அதே வழிதான். சின்ன 'பி', சின்ன 'டி' இரண்டுக்கும் இடவலம் தடுமாறினால், இரண்டு கைகளையும் முட்டி மடக்கிக் கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தி, முட்டிகள் ஒன்றை ஒன்று தொடும்படி வைக்கச் சொல்லுங்கள். கட்டில் மாதிரி தெரியும். கட்டிலின் ஆங்கிலச் சொல் இடக்கையில் 'பி'யோடு தொடங்கி, வலக்கையில் 'டி'யோடு முடிகிறது. சொல்வதெழுதுதல் நேரத்தில் மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊமை எழுத்துகளுக்கு ரோபோ குரல். புதன்கிழமையை ஆங்கிலத்தில் 'வெட்-நெஸ்-டே' என்று எழுத்து எழுத்தாக, இயந்திரம் பேசுவதுபோல் சொல்ல வேண்டும். கத்திக்கு 'க்-நைஃப்'. அந்த 'கே'யை ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் உண்மையிலேயே உச்சரித்தார்கள். 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் கொண்டுவந்த பிறகு எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோனது. பேச்சோ மாறிக்கொண்டே போனது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் பாதி வம்பு அங்கேதான் தொடங்கியது.

தவறாக எழுதட்டும், ஆனால் எழுதட்டும்

பாசார் மாலாமுக்குப் போகும் முன் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலைப் பிள்ளை எழுதட்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் எழுத்துக்கூட்டலைக் கேட்கக்கூடாது. காதில் விழுவதை எழுத வேண்டும். பட்டியல் படு மோசமாக வரும். வரட்டும். 1970-களில் அமெரிக்க ஆய்வாளர் சார்ல்ஸ் ரீட், பள்ளி செல்லாத சிறு பிள்ளைகள் தாங்களாக எழுதிய சொற்களை ஆராய்ந்தார். அந்தத் தவறுகள் கண்டபடி விழுந்தவை அல்ல, பிள்ளைகள் ஒலியைக் கூர்மையாகக் கேட்டு ஒழுங்கோடு எழுதியவை என்று காட்டினார். உங்கள் பிள்ளையின் பட்டியலையும் அப்படிப் படித்துப் பாருங்கள். எந்த ஒலி பிடிபட்டிருக்கிறது, எந்த மலாய் விதி உள்ளே நுழைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

திருத்துவதில் என் கருத்து இது: ஒரு நாளைக்கு ஒரே ஒரு தவறு. பால் என்ற சொல்லில் 'எல்' விட்டுப்போனதா? அதை மட்டும் பேசுங்கள். மீதி ஏழு தவறையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சிவப்புப் பேனாவை எடுத்துப் பட்டியல் முழுவதையும் கீறினால், அடுத்த வாரம் பட்டியலே வராது. "நீங்களே எழுதுங்கம்மா" என்று போய்விடும். ஆங்கிலம் என்றாலே பயம் என்ற பழக்கம் பெரும்பாலும் பள்ளியில் அல்ல, இப்படி வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஆரம்பிக்கிறது.

பள்ளிச் சொல்வதெழுதுதலுக்கான சொற்களை மட்டும் வேறு விதமாகப் பழக்கலாம். பார், சொல், மூடு, எழுது, சரிபார். சொல்லைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, கையால் மூடி, நினைவிலிருந்து எழுதி, திறந்து ஒப்பிட வேண்டும். பார்த்துப் பார்த்து இருபது தடவை எழுதுவதை விட இது மேல். இருபது தடவை எழுதும்போது பத்தாவது தடவைக்குப் பிறகு கைதான் வேலை செய்யும், மூளை கார்ட்டூனுக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் ரத்தாகிவிட்டது. ஒரே இரவில் ஐம்பது சொல் திணிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

உங்களுக்கே ஆங்கிலம் தடுமாறும் என்றால் இன்னும் நல்லது. பிள்ளையை ஆசிரியராக்குங்கள். நோட்டைப் பிள்ளை பார்த்து வாசிக்க, நீங்கள் எழுதுங்கள். வேண்டுமென்றே ஒன்றிரண்டு தவறு விடுங்கள். "அப்பா, இதுல எச் எங்க?" என்று பிள்ளை கேட்கும் தொனியைக் கேட்டுப் பாருங்கள். கைப்பேசி அகராதியில் சரியான உச்சரிப்பை ஒலிக்கவிட்டு இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். அமைப்பில் ஆங்கிலத்தைப் பிரிட்டிஷ் என்று மாற்றிவைக்க மறந்துவிடாதீர்கள். நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்தான். 'வண்ணம்' என்ற சொல்லில் கைப்பேசி அமெரிக்க வழக்கப்படி 'யூ'வை விழுங்கிவிட்டால், பிள்ளைக்குப் பள்ளியில் மதிப்பெண் போகும்.

பெரிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஸ்கிராபிள் பலகையை எடுக்கலாம். மலாய்க்கு அதே பாணியில் சஹிப்பா இருக்கிறது. இரண்டையும் வாரம் மாற்றி வாரம் ஆடினால் 'கே'க்கு எங்கே வேலை அதிகம், 'சி'க்கு எங்கே அதிகம் என்பது கைக்கே தெரிந்துவிடும். ஆனால் ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் புள்ளிக் கணக்கு வேண்டாம். எழுத்துக் கட்டைகளை மட்டும் கொடுங்கள். உலக ஸ்கிராபிள் பட்டத்தைப் பல முறை வென்ற நைஜல் ரிச்சர்ட்ஸ், நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் நீண்ட காலம் வாழ்ந்தவர். பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும் வென்றார். வேடிக்கைதான். ஆனால் அது மனப்பாடத்தின் சாதனை; நம் பிள்ளை எழுதும் சொல்லுக்குப் பொருளும் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறி, மலாயையும் தமிழையும் ஓரளவு சரளமாகப் படிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பழக்கமும் நேரமும் போதும். ஒலியை அப்படியே எழுதும் மலாயிலேயே எளிய சொற்கள் பிடிபடவில்லை, தமிழிலும் எழுத்துகள் இடம் மாறுகின்றன, நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது, பல மாதம் ஆகியும் மாற்றமே இல்லை என்றால் அது வேறு. சோம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அருகிலுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்கில் கேட்கலாம். அடுத்து வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம் என்று ஆசிரியரோ மருத்துவரோ கருதினால், கோலாலம்பூரில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது. போகும்போது ஆங்கில நோட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்று நோட்டுகளையும், பிள்ளை தானாக எழுதிய பாசார் மாலாம் பட்டியல் ஒன்றிரண்டையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். எந்த மொழியில் எந்த இடத்தில் சிக்குகிறது என்பதைப் பரிசோதிப்பவர் அவற்றிலிருந்துதான் முதலில் பார்ப்பார்.